இறகுத் தூண்டிலும் நேர்த்திச் சேவலும்

எங்கள் சேவலின் வாலைப் பிடுங்கியது யார் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. கோழிக்கூட்டைச் சுற்றி மணல் முழுக்க ஊன்றுதடி குத்திய ஓட்டைகள். என் மனிசன் சாள்ஸுக்கு ஒழுங்காகக் களவெடுக்கவும் தெரியாது.

சும்மா சேவல் என்றால் விட்டிருப்பேன். இது புனித அன்னம்மாளுக்கு நேர்ந்துவிட்ட சேவல். எட்டு மாதத்துக்கு முன் கரையில் இழுத்துக்கொண்டிருந்த வள்ளம் சரிந்து சாள்ஸின் முழங்காலில் விழுந்தது. இவர் தடியில்லாமல் நடந்தால் சேவலைக் கோயிலுக்குக் கொண்டுவருகிறேன் என்று அன்றைக்கே நேர்ந்தேன். எலும்பு பொருந்திவிட்டது, இனித் தடி வேண்டாம் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாகிறது. மனிசன் விட்டால்தானே. பாண் வாங்கப் போகத் தடி, இந்தக் கதிரையிலிருந்து அந்தக் கதிரைக்கு மாறவும் தடி. நான் பகிடி பண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இந்த மனிசன் இனித் தனியே நடக்கவே மாட்டாரோ என்று எனக்குப் பயம். இப்போது நேர்த்தியிலும் கை வைத்துவிட்டார்.

களப்புத் தண்ணீர் கடலுக்குள் இறங்குகிற வாய்க்கு விறுவிறுவென்று போனேன். இடக்கையால் தடியை மணலில் ஊன்றிக்கொண்டு, வலக்கையில் நீட்டு மூங்கிலோடு நின்றார்.

"சேவல்ட வால் எங்க?"

"தண்ணிக்குள்ள."

"அது அன்னம்மாளுக்கு நேர்ந்தது."

"இறைச்சிதானே அவவுக்கு. வால வச்சு அவ என்ன செய்யப் போறா?"

"ஆலங்குடாவில வெள்ளைக்காரக் கிழவரெல்லாம் பட்டத்தில தொங்கிக்கொண்டு பலகையில கடல்ல ஓடுறாங்க. உங்களுக்குத் தரையில நடக்கேலாது. வால் புடுங்க மட்டும் ஏலும்."

"பெலத்துக் கதைக்காத. மீன் கலையும்."

இந்தத் தூண்டிலுக்கு இரை கிடையாது. ஊசியில் இறகை வைத்து நூலால் சுற்றி, ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே போட்டு, மூங்கிலின் நுனியை மெல்ல நடுங்கவைக்க வேண்டும். பாரை மீன் அதைக் குஞ்சுமீன் என்று நம்பிப் பாயும். தங்கூசி என்கிற நைலோன் நூல் மூங்கில் நுனியோடு முடிந்துவிடும். விட்டுக்கொடுக்க மிச்ச நூல் இல்லை. பெரிய மீன் பிடித்தால் ஆள்தான் கரையோரம் கூட ஓட வேண்டும். அதனால் இவர் கையளவு மீனுக்குத்தான் வந்தாராம்.

வந்த பாரைக்கு அது தெரியவில்லை. மூங்கில் வில்லாக வளைந்தது. சாள்ஸ் இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். மீன் கடலைப் பார்த்து இழுத்தது, மனிசனும் கடலைப் பார்த்து ஓடினார். சாரத்தை மடித்துக் கட்டக்கூட இல்லை. கற்களைத் தாண்டி, சேற்றை மிதித்து, நான் வாய் திறந்தபடி நிற்க, ஓடினார். கடைசியில் சாரம் காலில் சிக்கி, முழங்காலளவு தண்ணீரில் குப்புற விழுந்தார். மூங்கிலும் மீனும் நீரோட்டத்தோடு போயின.

நான் பதறிக்கொண்டு இறங்கினேன்.

"போச்சு," என்றார். "அந்தப் பெரிய மீன், பவுலினா."

"நீங்க ஓடினீங்க."

"ஓடாம? நூல் அறுந்திடுமே."

நான் அவருடைய காலைப் பார்த்தேன். அவரும் தன் காலைப் பார்த்தார். பிறகு தடி கிடந்த இடத்தைப் பார்த்தார். அது நல்ல தூரம். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதமும் அவர் முன்னால் ஒரு நாளும் அழாதவள், அந்தச் சேற்றில் நின்று வாய்விட்டு அழுதேன்.

அவருக்கும் கண் கலங்கியது. ஆனால் உடனே கடலைக் காட்டினார்.

"அங்க பார், மூங்கில் மிதக்குது. மீன் இன்னும் ஊசியிலதான்."

தூக்கிவிட நான் நீட்டிய கையை அவர் கவனிக்கவேயில்லை. தானாக எழுந்து கரையோரமாக நடக்கத் தொடங்கினார். எட்டு மாதமாக அவருக்காக மெல்ல நடந்து பழகியவள் நான். எனக்கு மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் நில்லுங்க," என்று நான்தான் கெஞ்சிக்கொண்டு பின்னால் போனேன்.