சாம்பிராணி இருமல் பிடித்த ஜின்

1931ஆம் வருஷக் கடைசியில் சீனி முகம்மது தன் சின்ன வயசுக் கதைப் புத்தகத்தை மறுபடி திறந்தபோது, அதிலிருந்த ஜின்னுக்கு வயசாகிப் போயிருந்தது. ஒன்பது வயசில் அவர் வாசித்த நாளில் அந்த ஜின் கிழக்கு மலையைப் பிடுங்கி மேற்கே நட்டது. மூழ்கிப்போன இளவரசியை ஏழு கடலுக்கடியிலிருந்து தூக்கிவந்து தகப்பன் மடியில் போட்டது. அந்தப் பக்கத்தைத்தான் அவர் கிழியக் கிழிய வாசித்தார். இப்போது அதே பக்கத்தில் அது பல் கொட்டி, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தப்பு அவருடைய மனைவி சலேஹாவுடையது. கதை தமிழ்தான், ஆனால் அரபு எழுத்தில் அச்சடித்தது. எழுத்தறியாத அந்தப் பெண் கல்யாணமாகி வந்த அன்றே அதை வேதமென்று நம்பி, பச்சைப் பட்டில் சுற்றி அலமாரி உச்சியில் வைத்துவிட்டாள். வியாழன் தோறும் மஃரிபு தொழுகைக்குப் பிறகு சாம்பிராணி. புகையில் மார்க்கெட் தெருக் கொசுவெல்லாம் செத்தது, துறைமுகத்துக் கப்பல்கள் வழி தெரியாமல் சங்கு ஊதின. அது வெறும் கதையென்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடி, அடைமழைக் காய்ச்சலில் சலேஹா மவுத்தானாள். நாற்பதாம் ஃபாத்திஹா முடிந்த மறுநாள் அவர் பட்டை அவிழ்த்தார்.

“அந்த இளவரசி மாதிரி அவளையும் தூக்கிட்டு வாங்கண்ணே.”

ஜின் இருமியது. கூரை ஓடு இரண்டு பறந்து ஊருக்கு வெளியே ஜெலுத்தோங்கில் விழுந்தன. அங்கே கேட்டால் காட்டுவார்கள். “புகையில நெஞ்சு அடைச்சுப் போச்சு தம்பி. தொறந்து பாக்க ஒரு ஆளு வரல. ஏழு கடலா? படி எறங்குறதே பாடு லா.”

“அவளுக்காகப் போங்க. வாரம் தவறாம உங்களத் தொடச்சு வச்சாளே.”

ஜின் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனது. அடுத்த வெள்ளிக்கிழமை தோள்வரை நனைந்து, வெறுங்கையோடு திரும்பியது.

“பாத்தேன் தம்பி. வேதத்தைத் தொறந்து போட்டுட்டு வந்துட்டீங்களேன்னு என்னையே அந்தப் புள்ள ஏசுச்சு. கையப் புடிச்சேன். தூக்கத்தான் பலமில்ல.”

அன்று இருவரும் அழுததில் வீட்டுக் கிணறு உப்பாகிப் போனது. ஜின் புத்தகத்துக்குள் திரும்பிப் போகவில்லை. போகச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

நோன்பு மாதம் வந்தது. பள்ளிவாசல் கஞ்சி வரிசையில் சீனி முகம்மது சட்டியோடு நின்றார். பின்னால் ஜின், விளக்குக் கம்பத்தில் தலை இடிக்காமல் குனிந்து, இருமிக்கொண்டு. கஞ்சி ஊற்றும் அப்துல் ரசாக் நிமிராமலே கேட்டார்.

“வீட்டுல எத்தன பேரு?”

“ரெண்டு பேரு.”

மனைவியை அடக்கம் செய்த ஆளாயிற்றே என்று அப்துல் ரசாக் அண்ணாந்து பார்த்தார். பார்த்துவிட்டு, பெரிய அகப்பையை எடுத்தார்.