அல்போன்சா மாற்றிய புராசஸர்

அருளப்பனுக்கு முதலில் போனது வலது கை மோதிர விரல். மேட்டுப்பட்டியில் வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டர் வைத்து, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, திருவிழா நோட்டீஸ் எல்லாம் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். கீபோர்டைப் பார்க்காமலேயே அடிப்பார். ஒருநாள் வத்தலக்குண்டுக்காரர் ஒருவர் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். தலைப்பில் கொட்டை எழுத்தில் ‘இருமண அழைப்பிதழ்’ என்று இருந்தது. ‘த’ அடிக்க வேண்டிய விரல் அமுங்கவே இல்லை, அது அருளப்பனுக்கும் தெரியவில்லை. வந்தவரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அல்போன்சாவும் சிரித்தாள்.

ஆறு மாதத்தில் அந்தக் கையைத் தூக்க முடியவில்லை. மதுரையில் பார்த்த டாக்டர் நோயின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னார். மருந்து கிடையாது என்பதைத் தமிழில் சொன்னார். மறு வருஷம் கால்கள் போயின. அடுத்து பேச்சு குழறி, அல்போன்சாவுக்கு மட்டும் புரிகிற மாதிரி ஆகி, கடைசியில் அவளுக்கும் புரியாமல் போனது. பிள்ளைகள் இல்லை. தையல் மிஷினைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டு, கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து, கம்ப்யூட்டர் மேசைக்குப் பக்கத்தில் போட்டாள். பிளவுஸ் தைத்துத்தான் குடும்பம் ஓடியது.

பேச்சு நின்ற புதிதில் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் எழுத்துகளை எழுதி வைத்தாள். அவள் விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்துவாள். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை மேலே தூக்குவார். ‘இல்லை’ என்றால் கண்ணை மூடுவார். அவள் பக்கத்தில் இருந்தால்தான் அதுவும்.

கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் வந்த ஹுஸ்னா என்ற பெண்தான் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமை ஏற்றி, திரைமேல் ஒரு கேமராவும் வைத்துக் கொடுத்தாள். கேமரா அவர் மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தலையை இம்மி அசைத்தால் திரையில் அம்பு நகரும். ஒரு எழுத்தின்மேல் கொஞ்சம் நின்றால் அந்த எழுத்து விழும். ஓரத்தில் மணி படம் ஒன்று. அதில் நின்றால் மணி அடிக்கும், அல்போன்சா அடுப்படியிலிருந்து ஓடி வரலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கம்ப்யூட்டர் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி அருளப்பன் தன் கையால் பாகம் பாகமாகப் பூட்டியது. மூக்கு ‘க’வுக்குப் போனால் அம்பு செத்த நேரம் கழித்துத்தான் கிளம்பும், அவர் நிறுத்திய பிறகும் ஓடிப்போய் ‘ச’வில் நிற்கும். திரும்ப இழுக்க வேண்டும். நாலு வார்த்தைக்குள் கழுத்து ஓய்ந்து, தலை சரிந்துவிடும்.

ஒருநாள் காலை முழுக்க எடுத்துக்கொண்டு இப்படி எழுதியிருந்தார்: “புராசஸர் மாத்து. ராமர்ட்ட கேளு.”

ராமர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். பக்கத்து வீட்டம்மாவைக் கட்டில் அருகே உட்கார வைத்துவிட்டு அல்போன்சா போனாள்.

“அண்ணன் சொன்னது சரிதான்க்கா. போர்டு நல்ல போர்டு. உள்ள இருக்கிற புராசஸர்தான் சின்னது. அதே எடத்துல உக்கார்ற பெரிய புராசஸர் ஒண்ணு எங்கிட்ட கெடக்கு. பழைய ஆபீஸ் மிஷின்ல கழட்டுனது. அதப் போட்டா மூணு மடங்கு வேகம் வந்துரும். மிஷினைக் கொண்டாங்க, மாத்தித் தாரேன்.”

“அதத் தூக்கிட்டு வந்தா அவர் வாய் இல்லாமக் கெடக்கணுமே ராமரு. நீ வாயேன்.”

“கடையில நான் ஒத்த ஆளுக்கா. ஞாயித்துக்கெழமதான் வர முடியும்.”

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அல்போன்சா யோசித்தாள். “எனக்குச் சொல்லிக் குடு. நானே மாத்துறேன்.”

ராமர் சிரிக்கவில்லை. செத்துப்போன போர்டு ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்து, இரண்டு தடவை கழற்றி மாட்டிக் காட்டினான். மூன்றாவது தடவை அவளைச் செய்யச் சொன்னான். “அடியில இருக்கிற கம்பியெல்லாம் தலமுடிய விட மெல்லிசு. ஒண்ணு வளைஞ்சாலும் போர்டு போச்சு. அமுக்கவே கூடாது. வச்சா அதுவா உக்காரணும்” என்று மூன்று முறை சொன்னான்.

புராசஸரும் பசையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கை கழுவித் துடைத்து, கையில் இருக்கிற மின்சாரம் இறங்க ராமர் சொன்னபடி ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். அருளப்பன் பார்க்கும்படி அதை ஸ்டூல்மேல் படுக்க வைத்திருந்தாள். உள்ளே பஞ்சுபோலத் தூசி. சின்ன ஃபேனின் நாலு காலையும் திருகி எடுத்தாள். அடியில் பழைய பசை காய்ந்த சுண்ணாம்பாய் ஒட்டியிருந்தது. லைனிங் துணித் துண்டில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தாள். பக்கத்துக் கொக்கிக் கம்பியை நெம்பி மூடியைத் தூக்கி, பழைய புராசஸரைக் கிள்ளி எடுத்தாள். பிஸ்கட்டில் பாதிகூட இல்லை. இதற்குள்தான் இவரது பன்னிரண்டு வருஷப் பிழைப்பும் ஓடியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு நம்ப முடியவில்லை.

புதியதன் மூலையில் தங்கநிற முக்கோணம் இருந்தது. அதே மூலை பார்த்து வைத்தாள். அதுவாக உட்கார்ந்தது. கொக்கிக் கம்பியை இறக்கும்போது நறநறவென்று ஒரு சத்தம். அவள் அப்படியே நின்று அருளப்பனைப் பார்த்தாள். அவர் கண்ணை மேலே தூக்கினார்: சரிதான், அமுக்கு. அரிசி அளவு பசை வைத்து, ஃபேனை மேலே அழுத்திப் பூட்டி, கரண்டைப் போட்டாள்.

ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

“ஐயோ, கெடுத்துட்டேனா?”

அவர் கண்ணை மூடினார். இல்லை. அவள் அட்டையை எடுத்து விரலை ஓட்டினாள். ‘ர’வில் கண் மேலே போனது. அடுத்து ‘ம’.

“ரம… ராமரா? ராமருக்குப் போன் போடவா?”

கண்ணை மூடினார். திரும்ப ‘ர’, ‘ம’.

“அதான் ராமர்! வேற என்ன?”

அவர் நெஞ்சு குலுங்கியது. மூச்சு முட்டுகிறதோ என்று பதறிப் பக்கத்தில் போனாள். சிரிப்பு. அவர் கண் பெட்டிக்குள் நிற்க வைத்திருந்த நீளப் பச்சைத் தகட்டைக் காட்டியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரேம். ராமர் கடையில் அதன் பெயரையும் சொல்லியிருந்தான். ஃபேனை அழுத்தும்போது அவள் மணிக்கட்டு பட்டு அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்தினாள். திரை வெளிச்சமானது.

அம்பு இப்போது சொன்ன இடத்தில் நின்றது. அவர் எழுதிய முதல் வரி: “ராமருக்குப் போன் வேண்டாம்.”

அதற்குப் பிறகான ஒரு வாரம், அவள் வாழ்க்கையில் கேட்காத பேச்செல்லாம் கேட்டாள். இரண்டு வருஷமாக உள்ளே கிடந்தது அம்புட்டும் வெளியே வந்தது. “கத்தரிக்கா வெஞ்சனத்துல மூணு நாளா உப்பு கூட.” “நீலப் பிளவுஸ்காரம்மா கை அளவு தப்பா சொல்றாங்க. நீ அளந்து பாரு.” “தலையணையை எடது பக்கம் தள்ளு. ஆறு மாசமா சொல்லணும்னு இருந்தேன்.” நத்தத்திலிருந்த அண்ணன் சந்தியாகுவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினார். அல்போன்சா தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், “இப்ப எங்க வீட்ல அவர்தான் பேசுறாரு, நான் கேக்குறேன்” என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை மணி அடித்தது. போனாள். ஒரு பத்தி எழுதி வைத்திருந்தார்.

“அல்போன்சா, கோவப்படாம முழுசாப் படி. மூச்சு முட்டுற நேரம் வரும். தொண்டையில ஓட்டை போட்டு மூச்சு மிஷின் வைக்கவான்னு ஆஸ்பத்திரியில உன்னத்தான் கேப்பாங்க. வேண்டாம்னு சொல்லு. நல்லா யோசிச்சுத்தான் எழுதுறேன். அண்ணன் கத்துவான். கத்தட்டும்.”

அவள் இரண்டு தடவை படித்தாள்.

“இதச் சொல்றதுக்கா வேகம் கேட்டீங்க? இதுக்கா நான் கழட்டி மாட்டுனேன்?”

அம்பு ஏதோ எழுத்தை நோக்கி நகர்ந்தது. அவள் அது எந்த எழுத்து என்று பார்க்கவில்லை. சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தாள். திரை இருண்டது.

“கரண்டு போயிருச்சு” என்றாள்.

தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அருளப்பன் ஃபேனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைக்கும் மறுநாளும் அவள் ஸ்விட்சைப் போடவில்லை. கஞ்சி ஊட்டினாள், துடைத்தாள், திருப்பிப் படுக்க வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டையையும் எடுக்கவில்லை. அவரும் கண்ணால் அட்டையைத் தேடவில்லை. இப்படியே இருந்தால் எழுதினதை மறந்துவிடுவார் என்று சின்னப்பிள்ளைபோல் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், அவசர ஆர்டர் ஒன்றுக்காகப் பின்னறையில் உட்கார்ந்து தையல் மிஷினை ஓட்டினாள். நாலு மணிக்கு முன்னறைக்கு வந்தபோது அவர் முகமெல்லாம் வேர்வை. கண் தெறித்துவிடும்போல இருந்தது.

“என்னங்க? தண்ணியா? திரும்பணுமா? மூத்திரமா?”

எல்லாவற்றுக்கும் கண்ணை மூடினார். அட்டையை எடுத்து வந்து விரலை ஓட்டினாள். ‘எ’வில் கண் மேலே போனது. அடுத்து ‘ற’. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. போர்வையைத் தூக்கினாள்.

காலையில் சிந்திய கஞ்சிக்கு வந்த சிற்றெறும்பு, கட்டில் காலோடு ஏறி வரிசையாய் ஊர்ந்துகொண்டிருந்தது. கணுக்காலிலிருந்து தொடைவரை சிவந்து தடித்துக் கிடந்தது. கைகால் அசையாது என்றாலும் வலி எல்லாம் தெரியும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

“எம்புட்டு நேரமாங்க?” என்று கேட்டுக்கொண்டே தட்டினாள், துடைத்தாள், தேங்காய் எண்ணெய் தடவினாள். பதில் சொல்ல அவருக்கு வழியில்லை என்பது கேட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. எண்ணெய்க் கையோடு போய் ஸ்விட்சைப் போட்டாள்.

அவர் எழுதினார்: “மத்தியானக் கோயில் மணியில இருந்து.”

அல்போன்சா கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அம்பு நகரவில்லை. பிறகு, நிதானமாக:

“கழுத்து இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் கண்ணு. அதுவும் போகலாம்னு டாக்டர் சொன்னாரு. மிஷின் வச்சா உயிர் இருக்கும். எறும்பு கடிச்சா சொல்ல மாட்டேன். வருஷக்கணக்கா.”

“நான் பாத்துக்கிருவேன். எடத்தவிட்டு அசையாமப் பாத்துக்கிருவேன்.”

“நீ நல்லாத்தான் பாப்ப. நீயும் மனுசிதான்.”

“எனக்கு நீங்க வேணும்ங்க.”

“தெரியும். அதான் எழுதிக் கேக்குறேன்.”

மறுநாள் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது, நுரையோடு பிளேடைக் கையில் பிடித்துக்கொண்டு, “சரி” என்றாள். எதற்குச் சரி என்று அவர் கேட்கவில்லை. அந்த இரண்டு நாளைப் பற்றி அவர் ஒரு எழுத்தும் எழுதவில்லை, கடைசிவரை.

ஐப்பசி மழை பிடித்ததும் கழுத்து தளர்ந்தது. கம்ப்யூட்டர் காத்துக்கொண்டிருந்தது, அவரால் அம்பை ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்கு நகர்த்த முடியவில்லை. மறுபடி அட்டைக்கு வந்தார்கள். கார்த்திகை பிறந்த வாரம் காய்ச்சல் வந்து, சளி கட்டி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, அவர் எழுதியிருந்த அதே கேள்வியைக் கேட்டார்.

“வேண்டாம் சார். மூச்சு முட்டாம இருக்க மருந்து மட்டும் குடுங்க” என்றாள். குரல் பிசிறவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சந்தியாகு வராந்தாவில் நின்று கத்தினார். “எந்தம்பிய நீயே வேண்டாம்னு சொல்லிட்டியே! பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சா?” நர்சுகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உள்ளே போய் அருளப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் விடியும்போது, அவள் கை அவர் நெஞ்சின்மேல் இருக்கும்போதே, அருளப்பனின் மூச்சு நின்றது.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்த சந்தியாகுவிடம், அருளப்பன் எழுதி வைத்த பத்தியை ராமர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். ‘அண்ணன் கத்துவான்’ என்ற இடத்தில் உதடு கோணியது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “மன்னிச்சுக்கம்மா” என்று சொல்லிவிட்டு சாப்பிடாமலேயே நத்தம் பஸ் ஏறினார்.

நிலக்கோட்டைப் பக்கம் ஒருவருக்கு இதே நோய், கம்ப்யூட்டரைத் தர முடியுமா என்று ஹுஸ்னா தயங்கித் தயங்கிக் கேட்டாள். கேமராவோடு சேர்த்து மிஷினை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள் அல்போன்சா.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். முழங்காலிட்டு, ஸ்விட்சை அணைத்ததையும், கரண்டு இல்லை என்று பொய் சொன்னதையும், எறும்பையும் சொன்னாள். உள்ளேயிருந்து சாமியார், “மனசு தாங்காமச் செஞ்சதும்மா அது. ஆண்டவருக்குத் தெரியும். மூணு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லு, போதும்” என்றார்.

“மூணு எப்படிப் போதும் சாமி?” என்றாள் அல்போன்சா. “அது ரெண்டு நாளு.”

பின்னால் வரிசையில் நின்ற யாரோ இருமினார்கள். அவள் எழுந்து இடம் விட்டு, கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தாள். மூன்று முடிந்தது. நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள்.