தகவல் தந்தவர்: மேற்படி

டாக்டருக்கென்ன, வாய் கூசாமல் கேட்டுவிட்டார்: "உங்க அப்பாவோட அப்பா எப்படிச் செத்தார்? அவரோட அப்பா? திடீர்னு இதயம் நின்னு போறது உங்க குடும்பத்துலயே இருக்கான்னு தெரியணும். அதை வச்சுத்தான் ஆபரேஷனைப் பத்தி முடிவு பண்ண முடியும்." கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். செத்தவர்களைத் தேடிக்கொண்டு அலைய வேண்டியது யார்? வேறு யார், மூத்த மகள்தான். தம்பியை அப்பாவின் கட்டிலோரம் உட்கார வைத்துவிட்டு, தன் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிக்கொண்டு, அவள் மாவட்டப் பதிவகத்துக்குப் பேருந்து ஏறினாள்.

பதிவகத்தில் முதலில் ஒரு நீளமான கூடம். இடப்பக்கம் பிறப்புக் கவுன்டர், வலப்பக்கம் இறப்புக் கவுன்டர், நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பிறப்புப் பக்கம் குழந்தைகளின் கூச்சல் காதைக் கிழித்தது. இறப்புப் பக்கத்து வரிசையில் யாரும் யாரோடும் பேசவில்லை.

பழைய பதிவேடுகள் பின்னறையில். அங்கே இருந்தவருக்கு ஆபீஸ் முழுக்க 'தும்மல் சார்' என்றுதான் பேர். ஏட்டைத் திறந்தால் தும்முவார், மூடினால் இன்னொரு தும்மல். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, தங்கமான மனுஷன். கேட்டதையெல்லாம் முகம் சுளிக்காமல் எடுத்துப் போட்டார்.

தாத்தாவின் பதிவு முதலில் கிடைத்தது. பெயர், தகப்பன் பெயர், தொழில். காரணம்: இதயம் நின்றது. கடைசிக் கட்டத்தில் 'தகவல் தந்தவர்' என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே 'மேற்படி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கையெழுத்து.

"சார், இது என்ன மேற்படி?"

"மேல சொன்ன ஆளேதான்னு அர்த்தம்மா. ஒரே பேரை ரெண்டு தடவை எழுதக் கை வலிச்சா, மேற்படினு போட்டுட்டுப் போயிடுவாங்க."

"அது தெரியும் சார். மேல இருக்கிறது செத்தவர் பேரில்ல? அவரே வந்து, நான் செத்துட்டேன்னு சொன்னாராக்கும்?"

தும்மல் சார் வயிறு குலுங்கச் சிரித்தார். "எவனோ சோம்பேறிப் பய எழுதியிருக்கான். மகன்னு போட வேண்டிய இடத்துல தூக்கக் கலக்கத்துல மேற்படி! மேற்படியார் வரிசையில நின்னு, எட்டிக் கையெழுத்தும் போட்டுட்டுப் போனார் போல!"

அவளும் சிரித்துவிட்டாள். பாவம், அப்பா அந்த நிலைமையில் கிடக்கையில் சிரிப்பு வருகிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தாத்தாவுக்கு அப்பா கொள்ளுத்தாத்தா, அவருக்கு அப்பா எள்ளுத்தாத்தா. அதற்கு மேலே போனால் தானியமே கிடையாது. கொள்ளுத்தாத்தாவின் ஏடு வந்தது. வேறு மை, வேறு காலம், எழுதியவரும் வேறு ஆள். காரணம்: இதயம் நின்றது. தகவல் தந்தவர்: மேற்படி.

இந்தத் தடவை சார் சிரிக்கவில்லை. பக்கத்துப் பதிவுகளில் விரலை ஓட்டினார். மகன், மனைவி, அடுத்த வீட்டுக்காரர், மருமகன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. அவராகவே எழுந்து போய்க் கல்யாணப் பதிவேட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தார். மாப்பிள்ளையாகக் கொள்ளுத்தாத்தா போட்ட கையெழுத்துக்கும், இறப்பு ஏட்டில் இருந்ததற்கும் ஒரு சுழி கூட மாறவில்லை.

"எள்ளுத்தாத்தாவையும் பாத்துடலாம் சார்." என்றாள் அவள்.

அந்தப் பக்கம் பழுத்து ஒடிந்துபோயிருந்தது. அதே காரணம், அதே மேற்படி. ஆனால் அங்கே எழுதிய குமாஸ்தா, பின்னால் யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயந்தாரோ என்னவோ, ஓரத்தில் பொடி எழுத்தில் ஒன்று சேர்த்திருந்தார்: 'ஆளை நேரில் பார்த்தே எழுதினேன். எழுதாமல் போக மாட்டேன் என்றார்.'

தும்மல் சார் ஏட்டை மூடினார். தும்மல் வரவில்லை. "வீட்டுக்குப் போங்கம்மா" என்றார்.

டாக்டருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது, தம்பியிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள். பின்னறையில் சிக்னல் இல்லை. எண்ணை அழுத்திக்கொண்டே கூடத்துக்கு வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இறப்புக் கவுன்டர் வரிசையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், பையில் பேனா. அப்பாவுக்கு ஆபீஸ் என்றாலே பயபக்தி. தபால் தலை வாங்கப் போனாலும் இந்தக் கோலத்தில்தான் போவார். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் போ என்றால் மறுபேச்சுப் பேசாமல் திரும்பி வந்துவிடுவார். அவருக்கு முன்னால் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

"அப்பா! இங்க என்ன பண்றீங்க?"

"வந்துட்டியாம்மா? ஒண்ணுமில்ல, ஒரு தகவல் சொல்லணும். ஒரே ஒரு கையெழுத்துதான். போட்டுட்டுப் போயிடறேன்." அவர் முகத்தில் வலியே இல்லை. அதைப் பார்க்கத்தான் அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது.

முன்னால் நின்றவர் காகிதத்தை மடித்துக்கொண்டு நகர்ந்தார். "அடுத்து யாரு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அப்பா பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அவள் ஜன்னலை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து அப்பாவிடம் ஒரு பொய் சொன்னதில்லை. "அப்பா, இன்னிக்கு முடிஞ்சுபோச்சு. அவர்தான் கடைசி. மூடிட்டாங்கப்பா."

"கூப்பிட்ட மாதிரி இருந்ததேம்மா."

"கணக்கு முடிக்க உள்ள யாரையோ கூப்பிடறாங்க. நீங்க நாளைக்கு வாங்க."

"அப்படியா?" அப்பாவுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் ஆபீஸ் சொன்னால் சொன்னதுதானே? பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். "சரி, அவங்களை ஏன் தொந்தரவு பண்ணணும். நாளைக்கே வரேன்." வாசற்படியில் பார்த்து இறங்கி, வெயிலுக்குள் போய்விட்டார். அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது தெருவில் ஆட்டோக்களும் சைக்கிள்களும்தான் இருந்தன.

கையில் போன் அதிர்ந்தது. தம்பி அழுகையும் சிரிப்புமாகக் கத்தினான். "அக்கா! அப்பாவுக்கு இதயம் நின்னுபோச்சுக்கா. டாக்டருங்க எல்லாம் கூடி நெஞ்சை அமுக்கி அமுக்கி... இப்பத் திரும்ப அடிக்குது! கண்ணைத் திறந்துட்டார்!"

அவள் கூடத்துத் தரையில் அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். "பேசறாராடா?"

"பேசறார், ஆனா ஒண்ணும் விளங்கல. அந்த ஆபீஸை நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பாங்கன்னு உன்கிட்டக் கேக்கச் சொல்றார்."