தந்தி அறையில் ஐந்து தட்டு

மூன்று தட்டு. சின்ன இடைவெளி. பிறகு இரண்டு தட்டு.

சாப்பாட்டு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து, ஒரே பதிவை ஆளுக்கொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள் மாமியாரும் மருமகனும். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. அத்தை பொத்தானை அழுத்திப் பின்னால் ஓட்டினார். மறுபடியும் மூன்று, இடைவெளி, இரண்டு.

"மாப்பிள்ளை," என்றார். "இது அவ."

அவள் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அது அவன்தான்.

"மூணு, ரெண்டு. சின்ன வயசுலேர்ந்து எந்தக் கதவுன்னாலும் இப்படித்தான் தட்டுவா. குளியலறைக் கதவு, எங்க ரூம் கதவு, பக்கத்து வீட்டுக் கதவு. கடைசித் தட்டுல பாருங்க, கணீர்னு ஒண்ணு கேக்குது. அது வளையல்."

அவன் இடது கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான். அந்தக் கையில் இருந்தது கல்யாண மோதிரம். கணீர் என்றது அதுதான்.

"உங்க மாமா முடிவெட்டப் போயிருக்காரு. வந்ததும் உக்கார வச்சுப் போட்டுக் காட்டணும்," என்றார் அத்தை. "அதுக்கு முன்னாடி பிளம்பரைக் கூப்பிடுங்க. குழாய் இல்லைன்னு அவர் வாயால சொல்லட்டும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

முறையில் அத்தை புலி. முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். ஊரில் பாதிப் பேரிடம் 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்ற மறுமாதம், பழைய கட்டடங்களில் ராத்திரி தங்கிப் பேய் பார்க்கக் கிளம்பினார். நான்கு வருடத்தில் பதினோரு கட்டடம். ஒரு பேய்கூடச் சிக்கவில்லை. பழைய நீதிமன்றத்தில் அழுத பெண், கழன்று தொங்கிய ஜன்னல் கதவு. மூடிய தியேட்டரில் நடமாடியவர், திருட்டு மின்சாரத்தில் மின்விசிறி போட்டுத் தூங்க வந்த காவலாளி. ஒரு மாளிகைச் சொந்தக்காரர் பேயைக் காட்டி விடுதி நடத்த ஆசைப்பட்டார். அத்தை கொடுத்த அறிக்கையில் இரண்டே வரி: 'பேய் இல்லை. மூன்றாம் மாடித் தொட்டியில் கசிவு உள்ளது.' மனிதர் அதற்குப் பிறகு இவரைக் கண்டால் தெருவை மாற்றிக்கொண்டு போனார்.

"அம்மா போறாங்களா? பேய்தான் பாவம்," என்பாள் அத்தையின் மகள், அவன் மனைவி.

அவள் போய்ப் பதினோரு மாதம். மருந்துக்கடையில் இரவு வேலை முடிந்து வரும்போது, லாரி. அவன் அழவில்லை. எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். வேளைக்குச் சாப்பிட்டான், வேலைக்குப் போனான், கேட்டதற்குப் பதில் சொன்னான். ஒரு மாதம் கழித்து அத்தை போன் செய்தார். "சனிக்கிழமை சும்மாதானே இருக்கீங்க மாப்பிள்ளை? பேட்டரிப் பெட்டி கனமா இருக்கு. தூக்க ஆள் வேணும்." அவ்வளவுதான். ஆறுதல் சொல்லாத ஒரே ஆள் அவர்தான் என்பதால் போனான். அன்றிலிருந்து அந்தப் பெட்டி அவன் பொறுப்பு.

முதல் ராத்திரியே அத்தை விதியைச் சொல்லிவிட்டார். உள்ளே யார் என்ன சத்தம் போட்டாலும், அந்த நிமிடமே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். யார், எதனால், மணி என்ன. இல்லாவிட்டால் மறுநாள் கேட்கும்போது நம் ஏப்பமே பேயாகிவிடும். அன்றைக்கு அவன் வயிறு இரைந்தது. மாமியார் முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று இருட்டில் நெளிந்தான்.

"கூச்சப்படாதீங்க. ரெக்கார்டருக்கு மாமியாரும் தெரியாது, மருமகனும் தெரியாது," என்றார் அத்தை. "இப்பப் பாருங்க. அத்தை. முட்டி சொடக்கு. பன்னெண்டு இருபது. அமானுஷ்யம் இல்லை, வயசு."

நேற்றுப் போனது பழைய தந்தி அலுவலகம். அதை நூலகமாக்கப் போகிறார்கள். இரண்டாம் மாடியில் தந்தி அடிக்கும் சத்தம் கேட்கிறது என்று மரவேலைக்காரர்கள் பொழுது சாய்ந்ததும் ஓடிவிடுகிறார்கள். நிர்வாகம் அத்தையைக் கூப்பிட்டது. மூன்று பேர், மூன்று ரெக்கார்டர். அத்தை கீழ்க் கூடத்தில், எப்போதும் கூட வரும் பிளம்பர் மரப்படிக்கட்டில், அவன் மேலே தந்தி அறையில். சுவர் நீளத்துக்குத் தேக்கு மேசை. கருவிகளைக் கழற்றிய இடத்திலெல்லாம் திருகாணித் துளைகள். இரண்டு நாற்பதுக்கு ரெக்கார்டரின் பேட்டரியை மாற்றினான். பிறகு மேசைமேல் கை வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தான். அதுவரை ஞாபகம் இருக்கிறது.

தட்டியது ஞாபகம் இல்லை. ஆனால் எப்படித் தட்டியிருப்பான் என்று தெரியும். வீட்டில் தினமும் தூங்கப் போகும்முன் கட்டில் தலைமாட்டில் தட்டுகிறான். மூன்று, இரண்டு. எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது. தன் வீட்டோடு போகிற பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவன் கை இப்படி ஊர் மேயும் என்று கனவா கண்டான்?

இப்போதே சொல்லிவிடலாம். இரண்டு வார்த்தை. ஆனால் எதிரில் அத்தையின் முகத்தைப் பார்த்தான். மகளைத் தேடி அலைகிறேன் என்று இந்தப் பெண்மணி ஒரு நாளும் சொன்னதில்லை. பேட்டரி, படிக்கட்டு, கசிவு என்றே பேசினார். பத்து மாதமும் இருட்டில் எதற்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த நம்பிக்கையைக் கொடுத்ததும் நான், பிடுங்கப்போவதும் நானா என்று இருந்தது.

மாமாவை நினைத்தால் இன்னும் மோசம். மகள் போனதிலிருந்து அவர் டிவியைச் சத்தமில்லாமல் பார்க்கிறார். அந்தத் தட்டுக்கு ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டது பெரும்பாலும் அவர்தான். அவரும் கேட்டு, அவரும் நம்பிவிட்டால், பிறகு யார் வந்து என்ன சொல்லி மாற்ற முடியும்? முடிவெட்ட அரைமணி. கடையில் கூட்டம் இருந்தால் ஒரு மணி. அவ்வளவுதான் அவகாசம்.

பிளம்பர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். கையில் பாதி கடித்த கொய்யாப்பழத்தோடு வந்தார். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

"என்னம்மா, சிக்கிடுச்சா?"

"கேளுங்க. கேட்டுட்டு மட்டும் சொல்லுங்க."

அவர் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். அவன் அவருடைய வாயையே பார்த்தான். குழாய் என்று சொல்லிவிடுங்கள் அண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினான். பழைய ஈயக் குழாய், ராத்திரிக் குளிரில் சுருங்கும், தட்டும் என்று இவரே எத்தனை கட்டடத்தில் சொல்லியிருக்கிறார்! ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் ஏமாற வேண்டாம், யாரும் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

பிளம்பர் மூன்று தடவை கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மெதுவாக வைத்தார்.

"இது குழாய் இல்லைம்மா. குழாய்க்கு எண்ணத் தெரியாது."

"மரம்?"

"மரம் முனகும். இப்படிக் கணக்காத் தட்டாது. இது கை."

"நான் சொன்னேன்ல," என்றார் அத்தை அவனைப் பார்த்து. எக்ஸ்ரே அறையிலிருந்து வந்த பழக்கமோ என்னவோ, அவர் எதையும் உறுதியாகப் பார்க்கும்வரை முகத்தில் ஒன்றையும் காட்டமாட்டார். இப்போது காட்டினார். அந்தச் சிரிப்பை அவன் கடைசியாகத் தன் கல்யாணத்தில் பார்த்தது.

அத்தை அறிக்கை நோட்டைத் திறந்தார். இடம் எழுதினார், மணி எழுதினார். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. நான்கு வருடமாக எலி, காற்று, கசிவு என்று யோசிக்காமல் நிரப்பிய கட்டம். வெளியே கேட் கிறீச்சிட்டது. மாமாவின் செருப்புச் சத்தம்.

அத்தை பொய்யாக ஒரு சொல்கூட எழுதியதில்லை. இப்போது தெரியாமல் எழுதப்போகிறார்.

"அத்தை," என்றான். "மருமகன். விரல். ரெண்டே முக்கால்."

"என்ன?"

"மேசையில தட்டினது. நான்தான். கணீர்னது வளையல் இல்லை. இது." கையை மேசைக்கடியிலிருந்து எடுத்து மேலே வைத்தான்.

பிளம்பர் கொய்யாப்பழத்தைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அத்தை மோதிரத்தைப் பார்த்தார். "அப்பவே ஏன் சொல்லலை?" இருட்டுக் கட்டடத்தில் கேட்பதுபோலத் தணிந்த குரலில் கேட்டார்.

"தட்டினதே எனக்குத் தெரியாது."

"இங்க? முதல் தடவை கேட்டப்போ தெரிஞ்சுது இல்ல?"

"தெரிஞ்சுது."

"ஒரு மணி நேரமா சும்மா உக்காந்திருக்கீங்க."

"ஆமா."

"நல்ல ஆளு." பேனாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி அழுத்தினார். "நல்ல ஆளு நீங்க."

திட்டா, இல்லையா என்று அவனுக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

அதற்குள் மாமா உள்ளே வந்துவிட்டார். கழுத்தெல்லாம் பவுடர். காதோரம் ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது. "என்ன, கோஷ்டி கூடிடுச்சு? பேய் கிடைச்சுதா, இல்லை இந்த வாட்டியும் எலிதானா?"

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை," என்றார் அத்தை. "அந்த மூணு, ரெண்டு தட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்? அது இந்த வீட்டுத் தட்டு."

பதினோரு மாதமாக யாரும் அவளைப் பற்றி அவனிடம் எதையும் கேட்டதில்லை. 'எப்படி இருக்கே' என்று அவனைத்தான் கேட்டார்கள்.

"வேலை முடிஞ்சு ஒரு மணிக்கு வருவா. சாவி கையிலயே இருக்கும். இருந்தாலும் தட்டுவா. நான் எழுந்து போய்த் திறக்கணும்."

"சாவி வச்சுக்கிட்டா?" என்றார் மாமா.

"ஆமா மாமா. ஏன்டி, நீயே திறந்துக்க வேண்டியதுதானேன்னா, 'நானே திறந்தா வீடு. திறந்துவிட்டாத்தான் புருஷன்'னுவா."

"கழுதை," என்றார் மாமா. அந்த ஒரு சொல்லை அவ்வளவு பிரியமாகச் சொல்ல முடியும் என்று பிளம்பர் அன்றுதான் தெரிந்துகொண்டிருப்பார். "இங்கயும் அதே கூத்துதான். குளியலறைக்குள்ள யாரும் இருக்கமாட்டாங்க, கதவு சும்மா சாத்தியிருக்கும். தட்டிட்டு நிப்பா. நான் ஹால்லேர்ந்து ஓடி வந்து தள்ளிவிடணும்."

"நீங்க ஓடினீங்க, அதனால அவ தட்டினா," என்றார் அத்தை. "நான் ஒரு நாளாவது ஓடியிருப்பேனா?"

"நீ ஓடியிருந்தா அவ ஏன் என்கிட்ட வந்து தட்டுறா?"

"மூணு நாள் கோவத்துல பேசாம இருந்தப்பகூடத் தட்டினா," என்றான் அவன். "நான் திறந்தேன். முகத்தைத் திருப்பிக்கிட்டு உள்ள போயிட்டா. ஆனா தட்டினா."

"என்ன கோவம்?"

"அவ வாங்கின திரைச்சீலை நல்லா இல்லைன்னு சொன்னேன்."

"நல்லா இல்லைதான்," என்றார் மாமா. "நானே சொல்லணும்னு இருந்தேன். பயமா இருந்துச்சு."

அத்தை சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டார். மாமா அவர் முதுகில் கை வைத்தார். பிளம்பர் எழுந்து, கேட்காமலே அடுப்படிக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தார். சர்க்கரை டப்பா எங்கே என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார். யாரும் பதில் சொல்லாததால் அவரே தேடிக்கொண்டார்.

அவன் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது. அதைப் பற்றி ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

டீ வந்தது. சர்க்கரை தூக்கல். எல்லோரும் குடித்தார்கள்.

"அந்தத் துண்டை மட்டும் வெட்டி என் போனுக்கு அனுப்புங்க," என்றார் அத்தை.

"அது நான்தான் அத்தை."

"சொன்னீங்களே. எனக்கென்ன காது கேக்காதா? அனுப்புங்க."

"எனக்கும்," என்றார் மாமா. "முதல்ல இங்கயே போடு, கேக்கலாம்." ஹெட்போனைத் தலைகீழாக மாட்டினார். அத்தை அதைத் திருப்பிச் சரியாக வைத்து, வெட்டின முடி ஒட்டியிருந்த காதை விரலால் துடைத்துவிட்டார். அவன் பொத்தானை அழுத்தினான்.

மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். திடீரென்று கையை உயர்த்தினார். "இரு இரு! யாரோ மூச்சு விடுறாங்க!"

"நான்தான் மாமா."

"இப்ப ஒரு நாற்காலி நகருது!"

"அதுவும் நான்தான்."

"ஏன் தம்பி," என்றார் பிளம்பர், "ராத்திரி பூரா உங்களை நீங்களேதான் பதிவு பண்ணிட்டு இருந்தீங்களா?"

"சும்மா இருங்கப்பா," என்று மாமா அதட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். தட்டு வந்திருக்க வேண்டும். உதடு மெல்ல அசைந்து எண்ணியது. ஐந்து முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே விரலைச் சுழற்றி, இன்னொரு தடவை போடச் சொன்னார்.