சட்டப்படி கட்டிய பட்டறை

என் ராத்தாவின் புருஷன் முர்ஷித் மச்சானைச் சட்டம் மீறினவர் என்று யாரும் சொல்ல முடியாது. பட்டறை கட்டப் பிரதேச சபைக்குப் போய், வரைபடம் கொடுத்து, அனுமதி எடுத்து, அளக்க வந்த உத்தியோகத்தருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, எல்லாம் முறையாகத்தான் செய்தார். அந்த முறையைப் பற்றி நான் வாய் திறந்தால் பஸ்மினா வாயாடி என்று ஊர் சொல்லும். சொல்லட்டும்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் பேசும்போதே வீட்டையும் பேசியாக வேண்டும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து பெண் வீட்டில் குடியேறுவார். அதனால் மகள்மார் கூடக் கூட வளவு நிலம் துண்டு துண்டாகும். எங்கள் வாப்பாவுக்கு நாங்கள் இரண்டு பேர். தெருப்பக்கத் துண்டும் பழைய வீடும் மூத்தவ ஜுனைதா ராத்தாவுக்கு. பின் துண்டு எனக்கு. நான் தெருவுக்கு வர ராத்தாவின் வளவு ஓரமாக ஒரு வழி விட்டார். அதை வாயால்தான் விட்டார். காணி உறுதிப் பத்திரம் எழுதிய நொத்தாரிசு வழியையும் எழுதுவோமா என்று கேட்டிருக்கிறார். "ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் நடுவுல வழி எழுதுறதா? ஊர் சிரிக்கும்" என்று வாப்பா எரிந்து விழுந்தாராம். எங்கள் ஊரில் எந்த வாப்பாவும் அப்படித்தான் எரிந்து விழுவார்.

வாப்பா மௌத்தான பிறகு உம்மா என்னோடு இருந்தா. இளைய மகளோடு இருப்பதுதான் வழக்கம். நெஞ்சு வருத்தக்காரி. எப்போது மூச்சு முட்டும் என்று சொல்ல முடியாது. முட்டினால் என் புருஷன் நஸீர் ஆட்டோவை என் வாசல் வரை கொண்டு வந்து ஏற்றிக்கொண்டு போவார். அந்த வழி எனக்கு வெறும் வழி அல்ல, உம்மாவின் உயிர்.

மச்சான் இரும்பு வேலைக்காரர். கேற், யன்னல் கம்பி, கூரைச் சட்டம் எல்லாம் வெல்டிங் வைத்து ஒட்டுவார். கல்முனையில் அவர் வாடகைக்கு இருந்த கடையைச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். வேறு இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் பட்டறை போடுவதாக ராத்தா சந்தோஷமாக வந்து சொன்னா. நானும் சந்தோஷப்பட்டேன். அத்திவாரம் வெட்டிய அன்றுதான் பார்த்தேன். இந்தப் பக்க மதிலில் தொடங்கி அந்தப் பக்க மதில் வரை கயிறு பிடித்திருந்தது. நடுவில் என் வழி.

உத்தியோகத்தர் வந்தபோது நானே போய்க் கேட்டேன். பாவம், மரியாதையான மனிதர். தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"பின் எல்லைக்கு விட வேண்டிய இடம் விட்டிரிக்காங்க தங்கச்சி. பக்கச் சுவர்ல யன்னல் இல்ல, அதால எல்லையில வைக்கலாம். உயரமும் சரி."

"அப்ப என்ட வழி?"

"உறுதியில வழி எண்டு ஒண்டும் இல்லியே."

ராத்தா என் தோளில் கை போட்டா. "என்னத்துக்குகா கவலப்படுறாய்? முன்னுக்கும் கதவு, பின்னுக்கும் கதவு. பட்டறைக்குள்ளால போ, வா. நம்மட இடம்தானே?"

நஸீர் விடவில்லை, பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மாரிடம் போனார். அவர்கள் இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்து, பட்டறைப் பூட்டின் திறப்பு ஒன்று என்னிடம் இருக்க வேண்டும் என்று முடித்து வைத்தார்கள். மச்சான் எல்லார் முன்னாலும் திறப்பை என் கையில் தந்தார். மனம் ஆறவில்லை. ஆனாலும் உம்மா பேசாமல் விடச் சொன்னா, விட்டேன். அதன் பிறகு நாங்கள் இரும்புத் தூளிலும் நெருப்புப் பொறியிலும் நடந்துதான் தெருவைக் கண்டோம். ஆட்டோ தெருவிலேயே நின்றது.

ஒரு வியாழக்கிழமை பட்டறையில் வெல்டிங் வயர் களவு போனது. மச்சான் அன்றைக்கே பூட்டை மாற்றினார். பின் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாளும் போட்டார்.

"எனக்குத் திறப்பு?" என்று கேட்டேன்.

"நாளைக்கு ஜும்ஆ முடிய வெட்டித் தாறன் மச்சி."

அடுத்த நாள் ஜும்ஆவுக்கு ஆண்கள் எல்லாரும் பள்ளிக்குப் போய்விட்டார்கள். ஒலிபெருக்கியில் குத்பா கேட்டுக்கொண்டிருந்தது. உம்மா தொழுகைக்கு வுழு எடுக்க எழுந்தவ அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தா. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பட்டறைக் கதவில் அடித்தேன்.

"ராத்தா! உம்மாக்கு ஏலாம போச்சு! கதவத் தொற!"

மறுபக்கம் ராத்தா ஓடி வருவது கேட்டது. முன் கதவில் பூட்டு. திறப்பு மச்சானின் சட்டைப் பையில். போனை நிறுத்திவிட்டுத்தான் பள்ளிக்குள் போவார். நஸீரும் அப்படித்தான். ராத்தா யாரையோ பள்ளிக்கு ஓடச் சொல்லிக் கத்தினா. பிறகு கம்பி ஒன்றை எடுத்துப் பூட்டில் அடிக்கத் தொடங்கினா. அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மச்சான் நல்ல வேலைக்காரர். அவர் செய்த கதவு அசையவே இல்லை.

பக்கத்து வளவுப் பெண்கள் மதிலுக்கு மேலால் கை நீட்டினார்கள். கதிரையில் ஏறி உம்மாவைத் தூக்கிப் பார்த்தேன். உம்மா கனம். என்னால் மதில் உயரத்துக்குத் தூக்க முடியவில்லை. "கீழ வை புள்ள, நோகுது" என்றா. கீழே வைத்தேன். மடியில் தலையை வைத்துக் கலிமா சொல்லிக் கொடுத்தேன். உதடு அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. மச்சான் மூச்சு வாங்க ஓடி வந்து பூட்டைத் திறந்தபோது உம்மாவின் கை என் கையில் குளிர்ந்திருந்தது.

உம்மாவைக் குளிப்பாட்ட மகள்மார் நாங்கள்தான் நின்றோம். ராத்தாவின் இரண்டு உள்ளங்கையும் கம்பி பட்டுக் கிழிந்திருந்தன.

"நான் தேய்க்கட்டா?" என்று கேட்டா.

"உன்ட கையில ரெத்தம். நீ தண்ணி ஊத்து" என்றேன். இரத்தத்துக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை, அது அவவுக்கும் தெரியும். அழுதுகொண்டே ஊற்றினா.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பள்ளிவாசலிலிருந்து வந்த மையத்துப் பெட்டியான சந்தூக்கைப் பட்டறையின் ஒடுங்கிய கதவுகளுக்குள்ளால் சரித்து, நிமிர்த்தி, எப்படியோ என் வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள். வெறும் சந்தூக்கு, சரிக்கலாம். உம்மாவை வைத்த பிறகு எப்படிச் சரிப்பது? மரைக்கார்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மச்சான் பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார். வாப்பா வழி விட்ட அந்த ஓரத்தில் முன் சுவரையும் பின் சுவரையும் தானே உடைத்தார். கல் விழ விழ அவர் சத்தமாக அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. ஏன் வர வேண்டும்?

உம்மாவைத் தோளில் வைத்துச் சரியாமல், குலுங்காமல் அந்த இடைவெளியால் கொண்டு போனார்கள். பெண்கள் அடக்கம் நடக்கும் மையவாடிக்குப் போவதில்லை. நான் என் வாசலில் நின்றேன், ராத்தா அவ முற்றத்தில் நின்றா. நடுவில் தூசி மட்டும்தான்.

"பஸ்மினா, இனி அவர் கட்டமாட்டாருகா. வழி இரிக்கி."

"ஓம், இரிக்கி" என்றேன்.

இன்றும் இருக்கிறது. நான் தினமும் அதால் தெருவுக்குப் போகிறேன். ராத்தா முற்றத்தில் நின்று கதைக்கப் பார்ப்பா. நான் நிற்பதில்லை.