இடது பக்கத்து மஞ்சள் ஆள்

கோமதிநாயகியின் இடது சினைப்பையிலிருந்து முட்டை கிளம்பிப் போனது. மறுநாள் காலை, அது விட்டுப்போன காலி உறை மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்திருந்தது. பார்க்க நடுத்தர வயது ஆள் போலிருந்தார்.

“முட்டை எங்க?” என்றாள்.

“அது போயாச்சு. இனி நான்தான். மெத்தைக்குப் பஞ்சு வேணும்.”

“எதுக்கு?”

“பிள்ளை வந்தா படுக்கணும்லா?”

அன்றே வேலையைத் தொடங்கினார். சிவப்பு மெத்தைகள், ஒன்றின்மேல் ஒன்று. வீட்டில் வெக்கை ஏறியது. அவளுக்கு எந்நேரமும் தூக்கம் வந்தது. கட்டிலுக்குப் போகும் வழி நீண்டுகொண்டே போனது. நடுவில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டுதான் போனாள். மெத்தை மின்விசிறியை எட்டியதும் அவள் கணவன் பரமகுரு விசிறியைக் கழற்றி வைத்தான்.

“போதும், நிறுத்துங்க.”

“சேதி வர்ற வரைக்கும் போடணும்மா. சேதி வந்துச்சா?”

மாமியாரும் போனில் அதையேதான் கேட்டாள். பால்காரரும் கேட்டார்.

கோமதிநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மஞ்சள் சட்டைக்காரரிடம் திரும்பினாள். “வந்தா சொல்ல மாட்டனா? வந்தா நீங்க என்ன செய்வீங்க?”

“மூணு மாசம் போல இருப்பேன். பொறவு நஞ்சுக்கொடி வந்து வேலையை வாங்கிக்கிடும்.”

“வரலேன்னா?” தெரிந்தும் கேட்டாள்.

“வெளுத்துருவேன்.” கரண்டு போகும் என்பதுபோல் சொன்னார்.

இரண்டாவது வாரக் கடைசியில் அவருடைய காலர் வெளுத்தது. பிறகு காது. அப்படியும் இன்னொரு மெத்தையைத் தூக்கினார்.

அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “வந்துருச்சு. சேதி வந்துருச்சு. இருங்க.”

அவர் தலையைச் சாய்த்துக் காதுகொடுத்துப் பார்த்தார்.

“நீங்க சொன்னா செல்லாதும்மா. வர்ற பிள்ளையே சொல்லணும்.”

“வீடு என்னுது. மெத்தை என்னுது. என் பேச்சு மட்டும் செல்லாதா?” என்று கத்தினாள்.

“செல்லாதும்மா.” அவருக்கே வருத்தமாக இருந்தது.

மதியத்துக்குள் முழுக்க வெளுத்து, சட்டையோடு சுருங்கி, பயறளவு ஆனார். மெத்தைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து வாசல் வழியே போயின. அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசி மெத்தையையும் தள்ளிவிட்டாள்.

“இவரை எங்க வைக்க?” என்றான் பரமகுரு, உள்ளங்கையைக் காட்டி.

“மத்தவங்களோட.”

பின்னறைச் சுவரோரம் முந்தின மாதங்களின் ஆட்கள் வெள்ளையாக வரிசையில் படுத்திருந்தார்கள். இடமில்லை.

“தள்ளிப் படுங்க,” என்றாள் கோமதிநாயகி.

தள்ளிப் படுத்தார்கள்.