தீட்டு ஒழிந்த வீடு

"எழுந்து உள்ள வாம்மா! இனிமே நம்ம வீட்டுல தீட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்றார் ஹனுமந்தராவ், பின்கட்டு அறை வாசலில் நின்றபடி. உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த மருமகள் வைஜயந்திக்கு முகம் செத்துப்போயிற்று.

அடடா, தார்வாட்டில் எந்த மருமகள் இந்த வார்த்தைக்கு ஏங்கமாட்டாள்! இவள் கதைதான் வேறு. எட்டுப் பேர் வீடு. விடிந்ததும் சோள மாவில் ஜோள ரொட்டி தட்டத் தொடங்கினால் படுக்கும்வரை கை ஓயாது. மாதவிலக்கு நாட்களில் மட்டும்தான் அவளிடம் ஒருவரும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்கமுடியாது. அந்த நாட்களில்தான் அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று படிப்படியாக ஏறி, கட்டுப்பாட்டுப் பொறியியலின் உச்சிக் கணக்குக்கு வந்திருந்தாள். நிலை தடுமாறிய ராக்கெட் தானே நிமிருமா, தறிகெட்டுப் போகுமா என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு. அடுத்த மாதம் பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு. தேறாவிட்டால் புத்தகங்களை மூட்டைகட்டிவிடுவதாகக் கணவன் பிராணேஷிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

மாமனாருக்கு எங்கிருந்து வந்ததாம் திடீர்ச் சீர்திருத்தம்? மாமியார் இந்திராபாய்க்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மருமகள் விலகி உட்காரும் நாட்களில் ரொட்டி தட்ட ஆளில்லை. பெண் விடுதலை அந்த வீட்டுக்குள் இப்படித்தான் நொண்டிக்கொண்டு வந்தது.

"இல்ல மாமா, ஆசாரம்னா ஆசாரம்தானே..." என்று இழுத்தாள் வைஜயந்தி.

"படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது? காலம் மாறிப்போச்சும்மா!"

கூடத்திலிருந்து இந்திராபாயின் குரல் வெடித்தது. "என்னை வருஷக்கணக்கா அந்த மூலையில உட்கார வெச்சீங்களே, அப்ப எங்க போச்சு இந்த ஞானம்?"

வைஜயந்தி எழுந்து போய் ரொட்டி தட்டினாள். 'எங்க வீட்டுல அந்த மூடப்பழக்கமெல்லாம் இல்ல' என்று தெருவெல்லாம் பெருமையடித்தார் ஹனுமந்தராவ்.

மறுவாரம் ஒரு காலை, அடுப்பு மூட்டாமல் புத்தகங்களை அள்ளிக்கொண்டு அவள் பின்கட்டு அறைக்குப் போய்விட்டாள். இந்திராபாய் நொண்டி நொண்டி வந்து எட்டிப்பார்த்தாள்.

"என்னடி இது, இப்பதானே ஆச்சு?"

"தீட்டு இல்ல அத்தை."

"பின்ன ஏன் இங்க உட்கார்ந்திருக்கே?"

"தீட்டுதான் ஒழிஞ்சுபோச்சே, இனிமே எந்த நாள் உட்கார்ந்தா என்ன? பரீட்சை முடியறவரைக்கும் இங்கதான் இருக்கப்போறேன்."

இந்திராபாய்க்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அடியே, ரொட்டி எங்க?" என்று சமையலறையிலிருந்து கத்தினார் ஹனுமந்தராவ்.

இந்திராபாய் அறைக் கதவை வெளியிலிருந்து மெல்லச் சாத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"மாவு டப்பாவுல இருக்கு. உங்களுக்குத்தான் பொறந்ததுலேர்ந்து தீட்டே கிடையாதே, தட்டுங்க!"